முள் பாதிக்குக் கீழே இறங்காமல்

தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் சாய்வைப் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது எதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்பவர்கள் குறைவு. 1885இல் லியோங் சூன் சோங் எழுப்பிய கோபுரம் அது. வெளியிலிருந்து எட்டு அடுக்காகத் தெரியும். உள்ளே மூன்றே மாடி. மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி. வறட்சி வந்தாலும் தீப்பிடித்தாலும் ஊருக்குத் தண்ணீர் வேண்டுமே என்று வைத்த தொட்டி. இளகிய மண் அந்தப் பாரத்தைத் தாங்காததால்தான் கோபுரம் சாய்ந்தது என்பார்கள். முகம் தெரியாத ஒருவருக்கு என்றோ வரப்போகும் தேவைக்காகச் சுமையை முன்னதாகவே தலையில் ஏற்றிக்கொண்டு நிற்பது தவமல்லவா? அதன் அடியில் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

காடியில் எண்ணெய் முள் பாதியைத் தொடும்போது எண்ணெய் நிலையத்துக்குத் திரும்புவதும் அதே வகைச் செயல் என்றே நினைக்கிறேன். கால் டாங்கி இருந்தால் நாளைய வேலைக்குப் போதும்தான். ஆனால் நாளை என்பது நாம் எழுதி வைத்தபடியே வருவதில்லை. பேராக் ஆறு இந்த ஊரை வளைத்துக்கொண்டு ஓடுகிறது. கடலின் ஏற்ற இறக்கம் இங்குவரை தெரியும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் பெருகும் நாளில் ஆற்றின் மேல்பகுதியில் மழையும் கொட்டினால், ஆற்றுநீர் போக வழியில்லாமல் திரும்பிக் கரைமேல் ஏறும். சித்திரா பௌர்ணமிக்குத் தண்டாயுதபாணி கோயிலில் நாம் கூடிக் கும்பிடும் அதே நிலவுதான் இதையும் செய்கிறது.

வெள்ளத்தில் மின்சாரம் போனால் எண்ணெய் நிலையத்தின் பம்பும் நின்றுவிடும். பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான லிட்டர் இருந்தும் ஒரு சொட்டு மேலே வராது. சாலை மூடினால் டாங்கி லாரியும் வராது. அந்த நேரத்தில் உங்களிடம் இருப்பது, போன வாரம் நீங்கள் நிரப்பியது மட்டும்தான்.

இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டப்படுகிறது. "அண்ணே, அம்மாவுக்கு மூச்சு வாங்குது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க. காடி எடுக்க முடியுமா?" சட்டையை மாட்டிக்கொண்டு இறங்குகிறவருக்கு அன்பு குறைவில்லை, ஆனால் அன்பு மட்டும் ஈப்போவரை ஓடாது. முள் மேலே நின்றால் மனம் நோயாளியிடம் இருக்கும், வாய் நாமத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். கீழே கிடந்தால் கண் அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கான அறக்கட்டளைகளைப் பாருங்கள். ஒரு விளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். 'சாவா மூவாப் பேராடு' என்றே அவற்றுக்குப் பெயர். ஆடு செத்தாலும் கிழமானாலும் குட்டிகள் அந்த எண்ணிக்கையை நிரப்பும், நெய் நிற்காது. கருவறையில் சுடரைத் தரிசித்தவர்களுக்கு ஊருக்கு வெளியே மேய்ந்த மந்தை தெரிந்திருக்காது. கொடுத்தவரோ தன் ஆயுளுக்கு அப்பாலும் சுடர் நிற்க வழி செய்துவிட்டுப் போனார். பக்தி என்றால் ஏற்றும் அந்த ஒரு கணம் மட்டுமே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மறுநாளைய நெய்யைப் பற்றிய கவலையும் அதில் அடக்கம்.

எண்ணெய் இல்லாமை எதுவரை கொண்டுபோகும் என்பதை 2022இல் இலங்கை கண்டது. அந்த மே மாதம், பதுளை மாவட்டத்து ஹல்துமுல்லையில், பிறந்து இரண்டே நாளான குழந்தை இறந்தது. மஞ்சள் காமாலை கண்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முச்சக்கர வண்டிக்குப் பெட்ரோல் தேடி அலைந்திருக்கிறார் தந்தை. அவர்மீது என்ன குற்றம் சொல்ல முடியும்? அன்று நாட்டிலேயே எண்ணெய் இல்லை. அந்தச் செய்தியை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால்தான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பயத்தில் டின் டின்னாகப் பிடித்து வீட்டில் அடுக்குவது ஆயத்தமாகாது. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும். அது பற்றிக்கொள்ளப் பூசையறை விளக்கே போதும். வரிசையில் பின்னால் நிற்பவரின் பங்கும் அந்த டின்னுக்குள் போய்விடுகிறது. தட்டுப்பாடு இல்லாத சாதாரண நாளில், அமைதியாக, தன் டாங்கி கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்பவர் யாருடையதையும் எடுப்பதில்லை.

எங்கள் தாமானில் ஒரு பெரியவர் இருக்கிறார், பழைய தோட்டத்துக்காரர். வெள்ளிக்கிழமை விளக்கில் எண்ணெய் விட்டுத் திரியைத் தூண்டிய கையோடு, விரலைத் துடைத்துக்கொண்டு வேன் சாவியை எடுப்பார். முள்ளைப் பார்ப்பார், டயரைக் காலால் அழுத்திப் பார்ப்பார், தேவைப்பட்டால் போய் நிரப்பிக்கொண்டு வருவார். எதிர்வீட்டுச் சீனப் பாட்டியின் குளிர்பதனப் பெட்டியிலும், பக்கத்து மலாய்க் குடும்பத்தின் கதவுக்குப் பின்னாலும், அவருடைய தொலைபேசி எண் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது.