நாணமும் நாவும்

நாணத்தை இறைநம்பிக்கையின் கிளைகளுள் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னார்கள். அக்கிளை நம் இல்லங்களில் வாடாமல் நிற்பது குறித்து நாம் பெருமை கொள்வதுண்டு; அது நியாயமான பெருமைதான். ஆனால், மாதவிடாய் நின்று பல்லாண்டு கழிந்தபின் மீண்டும் உதிரம் கண்ட மூதாட்டி ஒருவர், அதைச் ‘சூடு’ என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டு, வெந்தயம் ஊறவைத்துக் குடித்து, துணியை யாரும் காணாமல் அலசி உலர்த்தி, பெற்ற மகளிடமும் வாய் திறவாமல் மாதங்களைக் கடத்துகிறார். இதையும் அந்தக் கிளையில் பூத்த பூவென்று கொள்ளலாமா?

கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கருதியே இதைக் கேட்கிறேன். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 6,60,000 பெண்கள் இந்நோய்க்கு ஆளாயினர் என்றும், 3,50,000 பேர் இறந்தனர் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இறந்தோருள் ஏறக்குறைய 80,000 பேர் இந்தியப் பெண்கள். இத்தனைக்கும் இது ஓரிரவில் வந்து தாக்கும் நோயன்று. பாப்பிலோமா என்னும் வைரஸே இதற்குக் காரணம். ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் அதைப் புற்றுத் திசுவிலேயே கண்டு 1983இல் வெளியிட்டார். 2008இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். இவ்வைரஸ் புகுந்த பெண்களுள் பெரும்பாலோரின் உடல், இரண்டாண்டுகளுக்குள் தானே அதை வெளியேற்றிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கி, உயிரணுக்களை மெல்ல மெல்ல மாற்றிப் புற்றாக முற்றுவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் பிடிக்கும். இவ்வளவு நீண்ட அவகாசத்தை இறைவன் தந்திருந்தும் நம் பெண்கள் கடைசி மாதத்தில் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுகிறார்கள் என்றால், அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே.

முன்பு சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜார்ஜ் பாப்பனிகொலாவு என்ற கிரேக்க மருத்துவர் அமெரிக்காவில் வகுத்த ‘பாப்’ பரிசோதனைக்குப் பெண் மேசையில் படுக்க வேண்டும். உலோகக் கருவி செலுத்தப்பட வேண்டும். பிறர் கண் பட வேண்டும். (அவருடைய மனைவி ஆந்த்ரோமாக்கியே ஆண்டுக்கணக்கில் தம்மிடமிருந்து மாதிரி எடுக்க இசைந்தார் என்பதை நினைக்கும்போது, உலகப் பெண்கள் அந்த அம்மையாருக்கும் கடன்பட்டவர்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது.) இப்போது அந்தக் காரணத்தின் பெரும்பகுதி விலகிவிட்டது. உயிரணுக்களைத் தேடாமல் வைரஸையே தேடும் சோதனைக்குக் கருப்பையின் வாயைக் கண்ணால் காண வேண்டியதில்லை. திரைக்குப் பின்னே, கதவடைத்த அறையிலே, பெண் தானே சிறு பஞ்சுக் குச்சியை உள்ளே செலுத்திச் சிலமுறை சுழற்றி எடுத்துக் குழாயில் இட்டுத் தந்தால் போதும். கொரோனா நாள்களில் நாம் எல்லோரும் பெயர் அறிந்த பி.சி.ஆர். முறையில் சோதிக்கும்போது, மருத்துவர் எடுத்த மாதிரிக்குச் சற்றும் குறையாமல் இது நோய்க்குறியைக் காட்டுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட நெறிமுறையில் இதனை ஏற்றுக்கொண்டது. நம் உறவினர் பலர் தலைமுறைகளாக வாழும் மலேசியாவில், மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய நிறுவனமொன்றும் இணைந்து 2018இலேயே ‘ரோஸ்’ என்னும் திட்டமாக இதைத் தொடங்கிவிட்டன. பெண் தானே மாதிரி எடுக்கிறாள். முடிவு அவளுடைய கைபேசிக்கே வருகிறது.

இப்படித் தானே எடுத்துக்கொள்வது கூச்சத்துக்குப் பணிந்துபோவதாகாதா, கூச்சத்தைக் களைவதன்றோ அறிவுடைமை என்று படித்தவர்களில் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஹதீஸ் நூல்களில் வரும் ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறேன். அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, மாதவிடாய்க்குப் பின் தூய்மை செய்துகொள்ளும் முறையை வினவினார். கஸ்தூரி தோய்ந்த துணித்துண்டு ஒன்றை எடுத்துத் தூய்மை செய்துகொள்ளுமாறு பெருமானார் (ஸல்) கூறினார்கள். எப்படி என்று அவர் மீண்டும் கேட்டார். அதற்குமேல் விவரிக்கப் பெருமானாரின் நாணம் இடம் தரவில்லை. இறைவனைத் துதித்தவாறு முகத்தை மறைத்துக்கொண்டார்கள். அருகிலிருந்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அப்பெண்ணைத் தம் பக்கம் இழுத்து, உதிரம் பட்ட இடத்தை அத்துணியால் துடைக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் விளக்கினார்கள்.

அந்தச் சபையில் எவருடைய நாணமும் குலையவில்லை. வினாவும் விடையின்றித் திரும்பவில்லை. ‘இதையெல்லாம் கேட்கலாமா?’ என்று அப்பெண்ணை எவரும் அடக்கவில்லை. ‘இதற்கு ஏன் வெட்கம்?’ என்று எவரும் ஏளனம் செய்யவுமில்லை. ஒரு துணித்துண்டு, அவளுடைய சொந்தக் கை, ஒதுக்கமாக அழைத்துச் சொல்லித்தர மற்றொரு பெண் – அவ்வளவுதான் வேண்டியிருந்தது. இன்று பஞ்சுக் குச்சியுடன் திரைக்குப் பின் நிற்கும் சகோதரிக்கும் அவ்வளவே வேண்டும்.

ஆயினும் குச்சியின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். உதிரப்போக்கு முதலிய அறிகுறி கண்டவருக்கு இது போதாது. முன்னே சொன்ன மூதாட்டி காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடமே போக வேண்டும். அறிகுறியில்லாத பெண்ணிடமும் வைரஸ் இருப்பதாகத் தெரிந்தால், அடுத்து மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். நிர்ப்பந்தம் நேரும்போது விலக்கப்பட்டதும் அதன் அளவுக்கு ஆகுமாகும் என்பது நம் ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த விதி. பெண் மருத்துவரை நாடுவது அதனுள் அடங்கிய பேணுதல். நோன்பு வைத்திருக்கையில் குச்சியைச் செலுத்தலாமா என்று கேட்போரும் உண்டு. ரமலானில் இரவில் எடுத்துக்கொண்டால் அவ்வினாவே எழாது. இவை எளிய மஸ்அலாக்கள். என்னை உறுத்துவது வேறு.

‘ஒழுக்கமான பெண்ணுக்கு இந்தச் சோதனை எதற்கு?’ என்ற சொல்லே அது. இவ்வைரஸ் உடலுறவால் பரவுவது என்பதை எங்கோ கேட்டறிந்தவர்கள், சோதனையையே குற்றச்சாட்டாகவும், முடிவையே தீர்ப்பாகவும் ஆக்கிவிடுகிறார்கள். பல பெண்கள் அஞ்சுவது மருத்துவரின் கண்ணுக்கு அன்று. மாமியாரின் நாவுக்கும் கணவனின் ஐயத்துக்குமே. கண்ணுக்குத் திரை போட அறிவியல் வழி கண்டுவிட்டது. நாவுக்குத் திரை போட அதனால் ஆகாது.

உண்மை என்ன? மணவாழ்வில் புகுந்த ஆண்களிலும் பெண்களிலும் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரஸைப் பெற்றுவிடுகின்றனர். அது குறியேதும் காட்டாமல் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். யாரிடமிருந்து வந்தது, எப்போது வந்தது என்பதை எந்தச் சோதனைச்சாலையாலும் சொல்ல இயலாது. ஓர் ஆணையன்றி வேறொருவரை அறியாத பெண்ணிடமும் அது காணப்படும். கொண்டுவந்த ஆணுக்கோ தான் கொண்டுவந்ததே தெரிந்திராது. ஆகவே ‘உண்டு’ என்று வரும் சீட்டு எவருடைய கற்பைப் பற்றியும் சாட்சி சொல்வதில்லை. நான்கு சாட்சிகளைக் கொண்டுவராமல் கற்புள்ள பெண்கள்மீது பழி கூறுவோருக்கு அந்நூர் அத்தியாயம் என்ன தண்டனை விதித்தது என்பதை நாம் அறிவோம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களையே ஊரார் நாவு ஒரு மாத காலம் சுட்டது. அவர்களைத் தூய்மைப்படுத்தி வசனங்கள் இறங்கியதும் அதே அத்தியாயத்தில்தான். அதை ஓதும் வீடுகளில், ஒரு பஞ்சுக் குச்சியை ஐந்தாவது சாட்சியாக நிறுத்துவது எவ்வளவு பெரிய துணிவு!

மகாராஷ்டிரத்தில், அப்போது உஸ்மானாபாத் என வழங்கிய மாவட்டத்தின் சிற்றூர்களில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2009இல் வெளிவந்தது. வாழ்வில் ஒரே ஒருமுறை இவ்வைரஸ் சோதனை செய்யப்பட்டு, தேவையான சிகிச்சையும் தரப்பட்ட பெண்களிடையே, சோதனை செய்யப்படாத ஊர்ப் பெண்களைவிட இந்நோயால் நேர்ந்த மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அங்கே மாதிரி எடுத்தவர்கள் சுகாதாரப் பணியாளர்கள். அந்த வேலையும் இன்று பெண்ணின் கைக்கே வந்துவிட்டது. 30 வயது கடந்த மனைவியை நோக்கி, ‘நீ போய் எடுத்துக்கொள், என்ன வந்தாலும் அது நம் இருவருக்கும் வந்தது’ என்று சொல்லும் கணவன், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் காத்தவனாவான். அந்தச் சொல் வராத வீட்டில், குச்சி எவ்வளவு எளிதாயினும் அவள் எடுக்கமாட்டாள். எடுத்தாலும் முடிவைக் கேட்கப் போகமாட்டாள்.

மலேசியாவில் முடிவு கைபேசிக்கு வருகிறது என்றேன். நம் வீடுகள் பலவற்றில் தாய்க்கென்று தனிக் கைபேசி இல்லை. மருத்துவமனைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே மகனுடைய எண்ணோ மருமகனுடைய எண்ணோ எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் செய்தி வரும் நாளில் அதை முதலில் திறந்து படிப்பவர் யார்?