கையொப்பமும் கொடையும்

மனிதன் தன் பெயரைத் தன் கையால் எழுதுவது மிகச் சாதாரணமான செயலாகத் தோன்றினும், சமூக வாழ்விலே அதற்குப் பெரும் வலிமை உண்டு. உறுதியில் இடப்படும் கையொப்பம் காணியைக் கைமாற்றுகின்றது. காசோலையில் இடப்படும் கையொப்பம் பணத்தைக் கைமாற்றுகின்றது. வாக்குமூலத்தின் கீழ் இடப்படும் கையொப்பம் சொன்ன சொல்லோடு சொன்னவனைப் பிணைக்கின்றது. ஆயினும் எவரையும் எதனோடும் பிணைக்காத கையொப்பம் ஒன்றும் உண்டு. புகழ்பெற்ற ஒருவர், தாம் முன்பின் அறியாத ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்கி இடும் கையொப்பமே அது. அதனால் எவ்வித உரிமையும் பிறப்பதில்லை. எவ்விதக் கடமையும் ஏற்படுவதில்லை. எனினும் அதனைப் பெறுதற்கு மாதக்கணக்கிற் காத்திருப்போர் உளர். பெருந்தொகை கொடுத்து வாங்குவோரும் உளர். அதன் பெறுமதி எங்கிருந்து பிறக்கின்றது? கேட்டுப் பெற்ற ஒன்றைக் கொடை எனலாமா? கொடையாகப் பெற்றதை விற்பது அறமாகுமா? இவ்வினாக்களை ஆராய்வதற்கு, ஐக்கிய அமெரிக்காவிலே நெடுங்காலமாக நிலவிவரும் ஒரு பொழுதுபோக்குத் தக்க களமாக அமைகின்றது. பழைய பேஸ்போல் அட்டைகளை அவற்றிற் காணப்படும் வீரர்களுக்கே தபால் மூலம் அனுப்பிக் கையொப்பம் பெற்றுச் சேகரிக்கும் வழக்கமே அதுவாகும்.

பேஸ்போல் வீரரின் உருவம் பொறித்த சிறு அட்டைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சிகரெட் பெட்டிகளுள் வைத்து வழங்கப்படலாயின. 1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டுபாக்கோ கம்பனி வெளியிட்ட தொகுதி இவற்றுட் புகழ்பெற்றது. 1933 இல் கௌடி நிறுவனம் சுவிங்கத்தோடு அட்டைகளை வழங்கியது. 1952 இல் டொப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 407 அட்டைகள் கொண்ட தொகுதி, பின்வந்த அட்டைகளுக்கெல்லாம் முன்மாதிரியாயிற்று. புகையிலையையும் சுவிங்கத்தையும் விற்பதற்கான உபாயமாகவே இவ்வட்டைகள் பிறந்தன என்பது மனங்கொள்ளத்தக்கது. வீரனின் முகம் வேறொரு பண்டத்தின் விற்பனைக்குத் துணையாக்கப்பட்டது. சிறுவரோ அம்முகத்தையே விரும்பினர். சுவிங்கம் மென்று துப்பப்பட்டது, அட்டை பெட்டியிற் பேணப்பட்டது.

இவ்வாறு பேணப்பட்ட அட்டை ஒன்றிலே கையொப்பம் பெற விரும்புபவர், முதலில் அவ்வீரரின் முகவரியைத் தேடிப் பெறுகின்றார். இதற்கெனத் தொகுக்கப்பட்ட முகவரி நூல்களும் வெளிவந்துள்ளன. பின்னர் ஒரு கடிதம் எழுதி, அதனோடு ஓர் அட்டையையும், தம் முகவரியை எழுதி முத்திரை ஒட்டிய மறுமொழி உறையையும் இணைத்து அனுப்புகின்றார். அதன் பின்னர் அவர் செய்யக்கூடியது காத்திருத்தல் ஒன்றே. சில உறைகள் இரு வாரங்களில் வந்து சேரும், சில ஆண்டுகள் கழிந்து வரும், சில வருவதேயில்லை. வேறு சில திறக்கப்படாமலே திரும்பி வரும். உரியவர் காலமாகிவிட்டார் என்ற செய்தியை உறையின் மேலெழுத்தால் அறிய நேர்வதும் உண்டு.

இச்செயலின் அடிப்படை நம்பிக்கையாகும். அரை நூற்றாண்டு பழமையான, மீண்டும் கிடைத்தற்கரிய பொருளொன்றை, எவ்வித ஒப்பந்தமுமின்றி, அறியாத ஒருவரின் கையில் ஒருவர் ஒப்படைக்கின்றார். அதனைத் திருப்பி அனுப்பும் சட்டக் கடப்பாடு பெற்றவருக்கு உண்டா என்று எவரும் வாதிடுவதில்லை. மறுபுறத்தில், முதுமையெய்திய வீரரும் தம் வீட்டு வாயிலில் வந்து விழும் கடிதத்தை நம்பியே பேனாவை எடுக்கின்றார். எழுதியவர் உண்மையில் அபிமானியா, தம் பெயரை விற்று வாழும் வணிகரா என்பதை அவர் அறியார். இரத்தலை ஓரதிகாரத்திலும், இரத்தற்கு அஞ்சுதலை அடுத்த அதிகாரத்திலும் வைத்து ஆராய்ந்தது திருக்குறள். கேட்டல் தன்னளவில் இழிவன்று. கேட்பவனின் நிலையும் கேட்கும் முறையுமே அதனை உயர்த்தவோ தாழ்த்தவோ செய்கின்றன என்ற தெளிவை அவ்விரு அதிகாரங்களின் அணிவகுப்பே நமக்குத் தருகின்றது.

இனி, கையொப்பத்தின் பெறுமதி பற்றிய வினாவை நோக்குவோம். 1952 ஆம் ஆண்டின் டொப்ஸ் அட்டைகளில் வீரரின் கையொப்பத்தின் நிழற்படிவம் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தது. அத்தகைய அட்டையிலேயே மீண்டும் கையொப்பம் வேண்டுவோர், ஒரே பெயரை ஒரே அட்டையில் இருமுறை காண விரும்புகின்றனர். அச்சிட்ட பெயர் பெரும்பாலும் பேனாவால் எழுதிய பெயரைவிட அழகானது. முதுமையின் நடுக்கம் அதில் இல்லை. அவ்வாறிருந்தும் அதனை எவரும் கையொப்பமாகக் கொள்வதில்லை. எழுத்தின் வடிவம் இங்கு கருதப்படுவதில்லை என்பது இதனாற் பெறப்படும். குறிப்பிட்ட ஒரு மனிதர், குறிப்பிட்ட ஒரு நாளில், இந்த அட்டையைத் தம் கையில் எடுத்து, இந்த வேண்டுகோளுக்குச் செவிசாய்த்தார் என்ற நிகழ்ச்சியே கருதப்படுகின்றது. கையொப்பம் அந்நிகழ்ச்சியின் சுவடு. சுவடு உண்மையாயிருத்தற்கு நிகழ்ச்சி உண்மையாயிருத்தல் வேண்டும்.

ஆகவேதான் போலிக் கையொப்பம், கண்ணுக்கு எவ்வித வேறுபாடும் தோன்றாதவிடத்தும் பொய்யாகின்றது. வீரர்களுக்குப் பதிலாக ஆடையறைப் பணியாளர் பந்துகளில் ஒப்பமிட்ட கதைகள் பேஸ்போல் உலகிற் பல. வணிகம் பெருகியபோது இது பெருங்குற்றமாக வளர்ந்தது. 1990 களின் பிற்பகுதியில் அமெரிக்க மத்திய புலனாய்வுப் பணியகம் ‘ஒப்பரேஷன் புல்பென்’ என்ற பெயரில் நடத்திய விசாரணை, போலிக் கையொப்பங்களை உருவாக்கி விற்ற கூட்டமொன்றை 1999 இல் அம்பலப்படுத்தியது. அவர்களிடமிருந்து கைப்பற்றப்பட்டவற்றுள் அன்னை தெரேசாவின் பெயர் பொறித்த பேஸ்போல் பந்துகளும் இருந்தன. நகைப்புக்கிடமான இச்செய்தியினுள் ஓர் உண்மை பொதிந்துள்ளது. ஒரு பெயர் அதனைத் தாங்கியவரின் வாழ்விலிருந்து முற்றாகப் பிரிக்கப்பட்டுப் பண்டமாகியபின், அதனை எப்பொருளின் மீதும் ஒட்டி விற்கலாம் என்ற நிலை தோன்றுகின்றது.

பண்டமாதல் எத்துணை தூரம் சென்றுள்ளது என்பதைச் சந்தை விலைகள் காட்டும். மேற்குறித்த 1952 ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த மிக்கி மான்டிலின் அட்டை ஒன்று, 2022 இல் 126 இலட்சம் டொலருக்கு ஏலத்தில் விற்கப்பட்டது. அதே ஆண்டில், 1909 ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்த ஹோனஸ் வாக்னரின் அட்டை ஒன்று 72 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்குக் கைமாறியது. வாக்னரின் அட்டை அரிதானமைக்குக் காரணம், தம் உருவத்தைப் பயன்படுத்த அவர் இணங்காமையாற் கம்பனி அதனை நிறுத்திக்கொண்டமையே எனப்படும். சிறுவர் புகையிலையை நாடுவதற்குத் தாம் காரணமாகக் கூடாது என்று கருதினார் என்பர் ஒருசாரார்; உரிய ஊதியம் தரப்படாமையால் மறுத்தார் என்பர் மற்றொருசாரார். எது உண்மையாயினும், தன் பெயரும் முகமும் தன்னுடையவை என்று ஒருவர் கூறிய மறுப்பே பிற்காலத்தில் மிக உயர்ந்த விலையாக மாறியமை வரலாற்றின் முரண்நகையாகும்.

அவ்வுரிமையைச் சட்டம் ஏற்றுக்கொண்டதும் இவ்வட்டைகளின் பொருட்டே. வீரர்களின் படங்களை அட்டைகளில் வெளியிடும் உரிமை தொடர்பாகச் சுவிங்கக் கம்பனிகளிடையே எழுந்த வழக்கில், 1953 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று, தன் உருவத்தின் விளம்பரப் பெறுமதி மீது ஒருவருக்குத் தனியுரிமை உண்டு எனத் தீர்ப்பளித்தது. ஆனால் ஏட்டிலிருந்த உரிமை வீரரின் கையை எளிதில் வந்தடையவில்லை. 1960 களில் டொப்ஸ் நிறுவனம் வீரர் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 125 டொலரே வழங்கியது. 1968 வரை பெருங்குழாம்களின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 6,000 டொலராக இருந்தது. விரும்பிய குழாத்துக்குச் செல்லும் சுதந்திரமும் வீரருக்கு இருக்கவில்லை. அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்த கேர்ட் ஃபிளட் 1972 இல் உயர் நீதிமன்றத்திலே தோல்வியுற்றார். 1975 இறுதியில் நடுவர் தீர்ப்பொன்றே அத்தளையை அறுத்தது. 1980 க்கு முன் ஓய்வுபெற்று, நான்காண்டுச் சேவையை நிறைவு செய்யாதிருந்தோர் ஓய்வூதியத்திலிருந்து விலக்கப்பட்டனர். 2011 இல் எய்தப்பட்ட உடன்பாட்டின் பின்னரே அவர்களுக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 10,000 டொலர் கொடுப்பனவு கிடைக்கலாயிற்று.

தபால் மூலம் பழைய அட்டைகள் சென்றடைவது பெரும்பாலும் இத்தலைமுறையினரையே. பிறர் பணம் ஈட்டும் பொருட்டு இலவசமாக உழைக்குமாறு இம்முதியோரை வேண்டுவது நியாயமா என்ற வினா இங்கு தவிர்க்கமுடியாதது. சிலர் கையொப்பத்துக்குச் சிறு கட்டணம் கேட்கின்றனர். சிலர் அத்தொகையைத் தருமப்பணிக்கு அளிக்கின்றனர். கட்டணம் கேட்பது பேராசை எனக் கூறுவோர், அதே கையொப்பத்தைப் பன்மடங்கு விலைக்கு விற்போரைக் கண்டிப்பதில்லை. உழைத்தவன் கேட்கும் கூலியைப் பழித்து, உழையாதவன் பெறும் இலாபத்தை இயல்பெனக் கொள்ளும் மனப்பாங்கு பேஸ்போலுக்கு மட்டும் உரியதன்று. கட்டணம் பெற்று இடப்படும் கையொப்பம் கொடையன்று. ஆனால் அது நேர்மையான விற்பனை. இரு தரப்பினரும் தாம் செய்வது யாதென அறிந்தே செய்கின்றனர்.

அவ்வாறாயின் கட்டணமின்றி இடப்படும் கையொப்பத்துக்கு ஈடாக வீரர் பெறுவது யாது? பிரெஞ்சு மானிடவியலாளர் மார்சல் மோஸ் 1925 இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்விலே, கொடுத்தல், ஏற்றல், ஈடு செய்தல் என்னும் மூன்று கடமைகளும் பிரிக்கமுடியாதவை எனக் காட்டினார். தபால் வழிக் கையொப்பத்திலும் ஈடு உண்டு. அது கடிதமேயாகும். இரு பருவங்கள் மட்டும் ஆடி, பின்னர் வேறு தொழில் செய்து முதுமையெய்திய ஒருவருக்கு, ஐம்பதாண்டுகளுக்கு முன் அவர் ஆடிய ஆட்டத்தை எங்கோ ஒருவர் நினைவில் வைத்திருக்கின்றார் என்ற செய்தியை அக்கடிதம் கொண்டு செல்கின்றது. மறதிக்கு இரையாகவிருந்த உழைப்பொன்று நினைவுகூரப்படுவது சிறிய ஈடன்று. வீரர் பெயரைத் தருகின்றார். எழுதியவர் அப்பெயர் மறக்கப்படவில்லை என்ற உறுதியைத் தருகின்றார்.

இவ்விடத்திலேதான் அறவினாவின் மையம் புலப்படுகின்றது. விற்பனையையே எண்ணிக்கொண்டு, ஒரே வாசகங்களை நூறு உறைகளில் இட்டு, சிறுவயது முதலே தாங்கள் என் அபிமான வீரர் என நூறு பேருக்கும் எழுதுபவர், தாம் அளிக்கவேண்டிய ஈட்டைப் போலியாக்குகின்றார். கையொப்பத்தைப் போலியாக்குபவன் வாங்குபவனை ஏமாற்றுகின்றான். கடிதத்தைப் போலியாக்குபவனோ கொடுப்பவரை ஏமாற்றுகின்றான். முன்னதைச் சட்டம் தண்டிக்கும். நிபுணர் உருப்பெருக்கியால் ஆராய்ந்து சான்றிதழும் வழங்குவர். பின்னதைக் கண்டறியும் உருப்பெருக்கி எதுவுமில்லை. சட்டம் எட்டாத அவ்விடமே அறத்துக்குரிய இடமாகும்.

சேகரிப்பாளர் தம் உடைமையை விற்பதில் தவறென்ன என வாதிடுவோர் உளர். அட்டை அவருடையது, முத்திரைச் செலவும் அவருடையது, கையொப்பமும் மனமுவந்து அளிக்கப்பட்டது, எனவே விற்கும் உரிமை அவருக்கு உண்டு என்பது அவர் வாதம். உரிமையளவில் இவ்வாதம் மறுத்தற்கரியது. வறுமையுற்றபோது தம் சேகரிப்பை விற்பவரையோ, தந்தையின் சேகரிப்பை விற்கும் மக்களையோ பழித்தல் பொருந்தாது. அன்போடு கேட்டுப் பெற்ற பொருள் பின்னர் விலைப்படுவதால் அன்று கேட்ட அன்பு பொய்யாகிவிடாது. விற்பனை நிகழும் வேளையைவிட, கேட்ட வேளையில் இருந்த மனநிலையே இங்கு அறத்தை நிர்ணயிக்கின்றது எனலாம்.

வீரரின் பக்கத்திலும் கடமை ஒன்று உண்டு. மினசோட்டா ட்வின்ஸ் குழாத்தின் புகழ்பெற்ற வீரராக விளங்கி 2011 இல் மறைந்த ஹாமன் கிலிப்ரூ, தம் பெயரை ஒவ்வோர் எழுத்தும் விளங்குமாறு எழுதுபவர். இளைய வீரர்களும் அவ்வாறே எழுதவேண்டுமென அவர் வற்புறுத்தி வந்தார். கிறுக்கலாக எழுதிய பெயரும் சட்டப்படி கையொப்பமே. சந்தையும் அதனை ஏற்கும். ஆயினும் தெளிவாக எழுதுபவர், பெறுபவரைத் தம் கவனத்துக்குரிய மனிதராக மதிக்கின்றார். இம்மதிப்பு மற்றொரு வழக்கத்தில் இன்னும் தெளிவாக வெளிப்படும். சில வீரர்கள் தம் கையொப்பத்தோடு கேட்டவரின் பெயரையும் சேர்த்து எழுதுவர். அவ்வாறு பெயர் சேர்ந்த அட்டைக்குச் சந்தையில் விலை பொதுவாகக் குறைவு. யாருக்கு அளிக்கப்பட்டதோ அவரோடு பிணைந்துவிட்ட பொருளைப் பிறர் விரும்புவதில்லை. கொடையைக் கொடையாக்கும் அதே அடையாளம் பண்டத்தின் விலையைக் குறைக்கின்றது. பயன் வேறு, பரிவர்த்தனைப் பெறுமதி வேறு என்ற உண்மை இதைவிடச் சுருக்கமாக வேறெங்கும் எழுதப்பட்டிருத்தல் அரிது.

தொகுத்து நோக்குமிடத்து, கொடையும் விற்பனையும் தத்தம் எல்லையில் அறத்தோடு பொருந்துவனவே. கூலி கேட்டுக் கையொப்பமிடும் முதியவரும் குற்றமற்றவர்; கூலி கேளாது இடுபவரும் போற்றத்தக்கவர்; விலை கொடுத்து வாங்குபவரும் பழிக்குரியவரல்லர். கொடையின் வேடம் பூண்டு வரும் வணிகமே இவற்றுள் அறத்துக்கு மாறானது. ஏனெனில் அது ஒருவரிடம் பெற்ற கையொப்பத்தோடு நின்றுவிடுவதில்லை. ஏமாற்றப்பட்டதை உணர்ந்த வீரர் அடுத்துவரும் உறைகளைத் திறவாமலே ஒதுக்கிவிடுகின்றார். அவற்றுள் உண்மையான அன்போடு ஒரு சிறுவன் எழுதிய கடிதமும் இருத்தல் கூடும். அறியாதார் இருவரிடையே ஒரு முத்திரையின் விலையில் நிகழக்கூடிய நம்பிக்கை மனித சமுதாயத்தின் பொதுச் சொத்தாகும். அதனைச் செலவழித்து இலாபம் ஈட்டுபவன், தனக்கு உரியதல்லாததையே விற்கின்றான்.