பாதைக்குரிய ஹக்கு

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஒரு தேசத்தில் அமைதி நிலவுகிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? கஜானாவைக் கொண்டு அளப்பவர் உண்டு. படைபலத்தைக் கொண்டு அளப்பவரும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு பெண்ணின் பிரயாணத்தைக் கொண்டு அளந்து காட்டினார்கள்.

ஸஹீஹுல் புகாரியில் வரும் செய்தி இது. வறுமையைப் பற்றி முறையிட்டு ஒருவர் வந்தார். வழிப்பறியைப் பற்றி முறையிட்டு இன்னொருவர் வந்தார். பக்கத்தில் இருந்த அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள், “ஹீராவைப் பார்த்திருக்கிறீரா?” என்று வினவினார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை என்றார் அதீ. நீர் நீண்ட நாள் வாழ்ந்தால், ஒரு பெண் ஹீராவிலிருந்து புறப்பட்டு வந்து கஃபாவைத் தவாஃப் செய்வதையும், அவள் அல்லாஹ்வையன்றி வேறு எவருக்கும் அஞ்சாதிருப்பதையும் காண்பீர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றார்கள். ஹீரா என்பது இராக்கில் கூஃபாவுக்கு அருகில் இருந்த பட்டணம். அங்கிருந்து மக்கா ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகம், பெரும்பாலும் பாலைவனம்.

இந்த நற்செய்தி ஏன் அதீயிடம் சொல்லப்பட்டது என்று நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் தய்யி கோத்திரத்தின் தலைவர். கொடைக்குப் பெயர்போன ஹாத்திமின் மைந்தர். (நம் வீட்டு முதியவர்கள் சொல்லும் ஹாத்திம்தாய் கதையின் ஹாத்திம் அவரேதான்.) முஸ்லிம்களின் படை தம் நாட்டை நெருங்கியபோது அதீ மனைவி மக்களை அழைத்துக்கொண்டு ஷாம் தேசத்துக்கு ஓடிவிட்டார். சொந்தச் சகோதரியை விட்டுவிட்டு ஓடினார்! அந்த அம்மையார் சிறைப்பட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டார். தந்தையார் மறைந்துவிட்டார், காக்க வேண்டியவரோ காணாமற் போய்விட்டார் என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார். அவர்கள் விடுதலை அளித்தார்கள். அத்துடன் விட்டார்களா? அவசரப்பட்டுப் புறப்பட வேண்டாம், உம்முடைய கூட்டத்தாரில் நம்பிக்கையானவர் கிடைக்கும்வரை பொறுத்திரும் என்றார்கள். அப்படியொரு கூட்டம் வந்ததும் உடையும் வாகனமும் வழிச்செலவும் தந்து அனுப்பினார்கள். ஷாமுக்குப் போய்ச் சேர்ந்த அம்மையார் தம் சகோதரரை என்ன சொல்லி வைதிருப்பார் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. வைதபின், மதீனாவுக்குப் போ என்று புத்தி சொன்னவரும் அவரே.

ஆக, தம் வீட்டுப் பெண்ணை நடுவழியில் கைவிட்டவருக்குத்தான் அச்சமின்றிப் பயணம் செய்யும் பெண்ணைப் பற்றிச் சொல்லப்பட்டது. அதைக் கேட்டபோது தம் மனத்தில் ஓடியதையும் அதீ மறைக்கவில்லை. அப்படியானால், ஊரெல்லாம் தீ மூட்டித் திரியும் தய்யிக் கொள்ளையர் எங்கே போய்விடுவார்கள் என்று நினைத்தாராம். தய்யி என்பது யார்? அவருடைய சொந்த ஜனங்கள்! வழியில் அஞ்ச வேண்டியவர்கள் எங்கோ தூரத்து அந்நியர் அல்லர், தம் உறவினரே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்தில் அந்தப் பெண்ணைத் தம் கண்ணாலேயே கண்டதாக அவர் சொல்லியிருக்கிறார்.

மஹ்ரம் இல்லாத பிரயாணத்தைப் பற்றி மத்ஹபுகளின் இமாம்களிடையே உள்ள கருத்து வேற்றுமையை இங்கே எழுதப் புகவில்லை. ஃபர்ளான ஹஜ்ஜுக்கு நம்பிக்கையான பெண்களின் கூட்டம் போதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. ஹனஃபிகள் அவ்வாறு கொள்வதில்லை. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். நாம் பேசுவது ஆண்களின் கடமையைப் பற்றி.

நம் முன்னோரின் கதையும் ஒரு பிரயாணக் கதைதான். 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை ‘ரஜூலா’ கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே மேல்தளப் பிரயாணிகளை ஏற்றி வந்தது. தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாக வந்தவர்கள். கடையநல்லூர், தென்காசிக்காரர்களோ பெண்டு பிள்ளைகளுடன் வந்து குடியேறினார்கள். அந்தப் பெண்கள் மசாலா அரைத்து விற்றும் குடும்பத்தைத் தாங்கியிருக்கிறார்கள். அவர்களுடைய பேத்திகள் இன்று ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் வேலை பார்க்கிறார்கள். அகாலத்தில் பஸ்ஸிலும் ரயிலிலும் வீடு திரும்புகிறார்கள்.

இந்தத் தேசத்தில் அல்லாஹ் நமக்குத் தந்திருக்கும் நிம்மதி சாமானியமானதன்று. இரவில் தனியே நடக்க அச்சமில்லை என்று மக்கள் சொல்லும் நாடுகளைக் ‘கேலப்’ நிறுவனம் வரிசைப்படுத்தும்போது சிங்கப்பூர் ஆண்டுதோறும் முதல் வரிசையில் நிற்கிறது. சட்டமும் உண்டு. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் செய்பவனுக்குரிய சிறைத் தண்டனை 2022ல் இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டு வரை உயர்த்தப்பட்டது. மறைந்திருந்து படம் பிடிப்பது 2020 முதல் தனிக் குற்றம். மலேசியாவில் கொம்யூட்டர் ரயிலில் 2010லேயே மகளிருக்குத் தனிப் பெட்டி வந்தது. பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2022ல் நிறைவேறியது. அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் கேலப்பின் கேள்விக்கு எட்டாத இடங்கள் உண்டு. நம் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளம் அவற்றில் ஒன்று. எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆயினும் எழுதுகிறோம்.

ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை பார்க்கும் ஒரு பெண். நம் ஜமாஅத்தைச் சேர்ந்த குடும்பம். இரவு வேலை முடிந்து வரும்போது, கீழ்த்தளத்து மேசையில் அமர்ந்திருக்கும் ஒருவர் அவரைப் பார்த்து ஏதேனும் சொல்வார். பிறகு லிஃப்ட் வரை பின்னாலேயே வரத் தொடங்கினார். அவர் அந்நியர் அல்லர். நம் மஜ்லிஸுகளுக்கு வருபவர், நன்கொடை கொடுப்பவர். பெண்ணின் உம்மா நம்மிடம் வந்து சொன்னார்கள். நாம் கூடிப் பேசினோம். என்ன சொன்னோம் தெரியுமா? பகல் வேலைக்கு மாற்றிக்கொள்ளட்டும், பின்பக்கத்துப் படி வழியாகப் போகட்டும், பெரிய மனிதர் விஷயம், வெளியில் பேச வேண்டாம் என்றோம். அந்தப் பெண் நம்மில் மூத்தவரைப் பார்த்து, “மாமா, நான் எந்த வழியாகப் போகணும்னு சொல்றீங்க. அவர் எங்கே உக்காரணும்னு யாருமே சொல்லலையே?” என்று கேட்டார்.

நம்மில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. பகல் வேலைக்கு மாறியதில் அவருக்குச் சம்பளமும் குறைந்தது.

பதில் நமக்குத் தெரியாததல்ல, கித்தாபிலேயே இருந்தது. பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னபோது, உட்கார்ந்து பேச எங்களுக்கு வேறு இடமில்லையே என்று ஸஹாபிகள் விண்ணப்பித்தார்கள். அப்படியானால் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். அந்த ஹக்குகளில் முதலாவதாகச் சொல்லப்பட்டது பார்வையைத் தாழ்த்துதல். அடுத்தது பிறருக்குத் தொல்லை தராதிருத்தல். பாதையில் நடக்கும் பெண்ணுக்கு அங்கே ஒரு கட்டளையும் இல்லை. உட்கார்ந்திருக்கும் ஆணுக்கே அத்தனையும்! சூரத்துந் நூரிலும் பார்வையைத் தாழ்த்தும்படி முஃமினான ஆண்களுக்கு இட்ட கட்டளை 30ஆம் ஆயத்தில் முதலில் வருகிறது; பெண்களுக்குரியது அதன் பின்னரே. பயானுக்கு நிற்கும் நம்மில் பலர் 31ஆம் ஆயத்திலிருந்து ஆரம்பித்துவிடுகிறோம்.

ஹஜ்ஜத்துல் விதாவின்போது கத்அம் குலத்துப் பெண் ஒருவர் மஸ்அலா கேட்க வந்தார். நாயகம் (ஸல்) அவர்களின் பின்னால் வாகனத்தில் அமர்ந்திருந்த வாலிபர் ஃபள்லு (ரலி) அந்தப் பெண்ணையே நோக்கலானார். நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பெண்ணைப் போகச் சொல்லவில்லை. ஃபள்லுடைய முகத்தைத் தம் கையால் மறுபக்கம் திருப்பிவிட்டார்கள். பெண்ணின் கேள்விக்கும் பதில் கிடைத்தது.

இன்னொருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. உம்மு ஸலமா (ரலி) அவர்கள் கைக்குழந்தையுடன் தன்னந்தனியே மதீனாவுக்குப் புறப்பட்டபோது, தன்யீமில் எதிர்ப்பட்டவர் உஸ்மான் இப்னு தல்ஹா. அப்போது அவர் முஸ்லிம்கூட அல்லர். துணையில்லை என்றறிந்ததும் ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். தங்கும் இடம் வந்ததும் ஒட்டகத்தைப் படுக்க வைத்துவிட்டுத் தாம் விலகி ஒரு மரத்தடிக்குப் போய்விடுவார். புறப்படும் வேளையில் வந்து, அம்மையார் ஏறும்வரை அப்பால் நிற்பார். குபா தெரியும்வரை இப்படியே கொண்டுசேர்த்து, மக்காவுக்குத் திரும்பிவிட்டார். அவரைவிடக் கண்ணியமான துணையைத் தாம் கண்டதில்லை என்று அன்னையார் பின்னர் சொன்னதாக வரலாறு.

நம்மில் இருவர் அந்தப் பெரியவரிடம் போனோம். சென்ற ரமலானுக்கு முன்பு. அவர் கோபித்தார். தம் சந்தாவையும் நன்கொடையையும் நிறுத்திக்கொண்டார். ஆண்டு விருந்துக்கு அந்தத் தொகை இல்லாமற் போனதைச் சிலர் இன்றும் குறை சொல்லுகிறார்கள், சொல்லட்டும். போலீஸில் புகார் எழுத விரும்பினால் உடன் வருவோம் என்று பெண்ணிடமும் அவருடைய உம்மாவிடமும் சொல்லிவிட்டோம். அந்த முடிவு அவருடையது. முன்பு சொன்ன யோசனைக்காக அவரிடம் மன்னிப்பும் கேட்டோம்.

இனி இப்படிப்பட்ட முறையீடுகளைக் கேட்க மாதர் பகுதியைச் சேர்ந்த மூன்று சகோதரிகள் இருப்பார்கள். ஆண்கள் யாரும் அந்த அறையில் அமரமாட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் நிர்வாகியாக இருந்தாலும், நன்கொடையாளராக இருந்தாலும், அவர்கள் எழுதுவதை நிர்வாகக் குழு மாற்றாது.

அந்தப் பெண் மீண்டும் இரவு வேலைக்கே திரும்பிவிட்டதாகச் சென்ற வாரம் அவருடைய உம்மா சொன்னார்கள். முன்வாசல் வழியாகத்தான் வருகிறாராம். நம் மஜ்லிஸுக்கு மட்டும் அவர் இன்னும் வரவில்லை.