கடைசி இலைக்கு யார் பரிமாறுவது?



சென்ற மாதம் மகேசுவர பூசை முடிந்து, மண்டபத்தின் பின்புறம் கிடாரங்கள் கழுவிக்கொண்டிருந்த வேளையில் ஒரு பேச்சு எழுந்தது. வட ஒன்ராறியோவில் பூர்வீகக் குடிகள் வாழும் ஊர்களின் வைத்திய சேவைக்கு அரசாங்கம் செலவிடும் பணத்தைப் பற்றிய பேச்சு அது. "நானூறு சனம் இருக்கிற ஊருக்கு பிளேனிலை டொக்டரை அனுப்பினால் அது ஆற்றை காசு? எங்கடை வரிக்காசுதானே. அந்தச் சனம் ரவுணுக்கு வந்து இருந்தால் என்ன?" என்று ஓர் அன்பர் கேட்டார். அவர் கெட்ட மனதோடு கேட்கவில்லை. இரண்டு வேலை செய்து, வரியும் கட்டி, தாயாரை அவசர சிகிச்சைப் பிரிவில் மணிக்கணக்காகக் காத்திருந்து காட்டியவர். அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்ததை இங்கே எழுதுகின்றேன்.

முதலில் நிலைமையைப் பார்ப்போம். அந்த ஊர்களில் பலவற்றுக்கு வருடம் முழுவதும் பாவிக்கக்கூடிய வீதி கிடையாது. மாரியில் ஏரிகளும் ஆறுகளும் உறைந்த பின்னர் பனியின் மேல் பாதை போடுவார்கள். மற்றைய மாதங்களில் விமானம்தான். அங்கே இருப்பது ஆஸ்பத்திரி அல்ல, தாதியர் நிலையம். வைத்தியர் சில நாட்கள் வந்து தங்கிப் போவார். 2015ஆம் ஆண்டில் கனடாவின் கணக்காய்வாளர் நாயகம், ஒன்ராறியோவிலும் மனிற்றோபாவிலும் உள்ள இத்தகைய ஊர்களின் வைத்திய சேவையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். மாதிரிக்கு எடுத்துப் பார்த்த 45 தாதியரில் ஒரேயொருவர்தான் கட்டாயமான ஐந்து பயிற்சிகளையும் முடித்திருந்தார். குற்றம் தாதியர் மேல் அல்ல. அவர்களை ஆயத்தம் செய்யாமல் அனுப்பியவர்கள் மேல்.

பிரசவத்தை எடுத்துக்கொள்வோம். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது எங்கள் வழக்கம். அந்த ஊர்ப் பெண்களோ, பிரசவத்துக்குச் சில கிழமைகள் முன்னரே வீட்டைவிட்டு விமானமேறி, சூ லுக்கவுட், தண்டர் பே போன்ற நகரங்களில் போய்க் காத்திருக்கிறார்கள். கர்ப்பிணி எவருக்கும் துணையாக ஒருவர் போவதற்கான செலவை மத்திய அரசு ஏற்றது 2017ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர், விசேட காரணம் இல்லாவிட்டால், தாயோ கணவனோ பக்கத்தில் இல்லாமலே பலர் பிள்ளை பெற்றார்கள். எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைக்கு இப்படி நடந்தால் பொறுப்போமா?

இனி ஒரு சிறுவனின் கதை. ஜோர்டன் ரிவர் அண்டர்சன் என்பது அவன் பெயர். மனிற்றோபாவின் வடக்கே நோர்வே ஹவுஸ் என்ற கிறீ மக்களின் ஊரைச் சேர்ந்தவன். 1999இல் கடுமையான உடற்குறைபாடுகளுடன் வின்னிப்பெக் ஆஸ்பத்திரியில் பிறந்தான். அவனுக்கு இரண்டு வயதானபோது, ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு வீட்டில் வைத்துப் பராமரிக்கலாம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். அந்தப் பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பது? 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புப்படி ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் பொறுப்பு; பூர்வீகக் குடிகளும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களும் மத்திய அரசின் பொறுப்பு. இரண்டு அரசுகளும் இரண்டு வருடங்களுக்கு மேல் வாதாடின. 2005இல், ஐந்து வயதில், ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே அவன் உயிர் போயிற்று. ஒரு நாளாவது தன் வீட்டில் அவன் நித்திரை கொள்ளவில்லை.

இரண்டு அரசுகளிடமும் பணம் இருந்தது, சட்டமும் இருந்தது. இது உன் பொறுப்பா என் பொறுப்பா என்ற கணக்கில்தான் ஒரு பிள்ளையின் காலம் கழிந்தது. அதன் பிறகே, 2007 டிசம்பரில், ஜோர்டன் கோட்பாடு எனும் பிரேரணையைப் பாராளுமன்றம் ஏகமனதாக ஏற்றது. பிள்ளைக்குத் தேவையானதை முதலில் கேட்கப்பட்ட அரசு செய்யட்டும். செலவை யார் ஏற்பது என்பதைப் பின்னர் பேசித் தீர்க்கட்டும் என்பதே அதன் சாரம். ஆனால் கையை உயர்த்தியதோடு காரியம் முடியவில்லை. மத்திய அரசு அந்தக் கோட்பாட்டைக் குறுக்கி விளங்கிக்கொண்டு பாரபட்சம் காட்டியது என்று 2016 சனவரியில் மனித உரிமைத் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் பந்தியை நினைத்துப் பாருங்கள். கடைசி இலை தூரத்தில் இருக்கிறது என்பதற்காக எவரும் அதை விட்டுவிட்டுத் திரும்புவதில்லை. இந்த வரிசை உன்னுடையதா என்னுடையதா என்று பரிமாறுகிற இருவர் வாதாடினால், பக்கத்தில் நிற்பவர் வாளியை வாங்கித் தானே பரிமாறிவிடுவார். சமத்துவம் என்பது எல்லா இலைக்கும் ஒரே அளவு தூரம் நடப்பது அல்ல. எல்லா இலைக்கும் சோறு போய்ச் சேருவது.

இதைத் தானம் என்று நினைப்பதும் தவறு. இது கடன். 1905, 1906ஆம் ஆண்டுகளில் அரச ஆணையாளர்கள் வட ஒன்ராறியோவுக்குப் போய் ஒன்பதாம் இலக்க உடன்படிக்கையில் ஒப்பம் வாங்கினார்கள். ஒப்பமிட்டபோது ஆளுக்கு 8 டொலர். பின்னர் வருடத்துக்கு 4 டொலர். இன்றும் அது அதே 4 டொலர்தான். அந்த நிலப்பரப்பில்தான் ரிம்மின்ஸ் தங்கச் சுரங்கங்கள் தோண்டப்பட்டன. அந்த மரத்திலும் பொன்னிலும் வளர்ந்த மாகாணத்துக்குத்தான் நாங்கள் பின்னாளில் வந்து சேர்ந்தோம். எங்கள் சுகாதார அட்டையின் பின்னால் அந்தக் கணக்கும் இருக்கிறது.

"ரவுணுக்கு வந்தால் என்ன?" என்ற கேள்விக்கு எங்களைவிட வேறு யாருக்குப் பதில் தெரியும்? ஊரை விட்டு வந்தவர்கள் நாங்கள். முற்றத்து மாமரத்தை இன்றும் கனவில் காண்கிறோம். ஊரை விட்டு வா, அப்போது மருந்து தருகிறேன் என்று ஒருவரிடம் சொல்வது எவ்வளவு பெரிய விலை கேட்பது என்பது எங்களுக்குத் தெரியாதா?

பணத்துக்கு எல்லை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நானூறு பேர் உள்ள ஊரில் இருதய சத்திரசிகிச்சை செய்ய முடியாது. அப்படி அவர்களும் கேட்கவில்லை. கொண்டுபோகக்கூடியதைக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோக முடியாததற்கு நோயாளியை அழைத்துவரும்போது துணையும், அவர் மொழி பேசும் ஒருவரும் இருக்க வேண்டும். அங்கேயே ஆட்களைப் பயிற்றுவதும் முக்கியம். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷனின் பணத்தில் மானிப்பாய்க்கு வந்த கிறீன் வைத்தியர், எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மேலை வைத்தியம் படிப்பித்தார். அதனால்தான் அவர் திரும்பிப் போன பின்பும் வைத்தியம் ஊரில் நின்றது. சட்பரியிலும் தண்டர் பேயிலும் 2005இல் தொடங்கிய வடக்கு ஒன்ராறியோ மருத்துவக் கல்லூரியின் நோக்கமும் இத்தகையதே.

நாங்கள் என்ன செய்யலாம்? தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் வேட்டி கட்டி, திருநீறு பூசி எங்கள் மண்டபத்துக்கு வருகிறார்கள். விசாவைப் பற்றியும் வரியைப் பற்றியும் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அடுத்த முறை இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்: வடக்கே ஒரு பிள்ளைக்கு வருத்தம் வந்தால் முதலில் கை நீட்டப்போவது யார்? அந்தக் கேள்வியைக் கேட்பவர் அன்று என்னோடு கிடாரம் கழுவிய அந்த அன்பராகவே இருந்தால் நான் மிகவும் மகிழ்வேன்.