மூன்று நாட் காட்சியும் தீர்ப்பின் அறமும்

ஒரு நகரை முதன்முறையாக, அதுவும் மூன்று நான்கு நாட்களே தங்கிக் கண்டு திரும்பும் ஒருவர், அந்நகரைப் பற்றி எதனைச் சொல்ல உரித்துடையவர்? அதனைத் தம் ஊருடன் ஒப்பிட்டு ஒன்றை உயர்த்தியும் மற்றொன்றைத் தாழ்த்தியும் அவர் தீர்ப்புரைக்கும்போது, அது வெறும் பேச்சா, அன்றி அறத்தின்பாற்பட்ட ஒரு செயலா? மேலோட்டமாக நோக்குவார்க்கு இவ்வினா அற்பமானதாகத் தோன்றலாம். பயணம் போனவர் கண்டதைச் சொல்கின்றார், வீட்டிலுள்ளோர் கேட்கின்றனர், இதில் அறம் எங்கே வந்தது என்பர் அவர். ஆயினும் ஓர் ஊரைப் பற்றிய சொல் அவ்வூர் மக்களைப் பற்றிய சொல்லாகவும் அமைந்துவிடுகின்றது. அச்சொல்லை நம்பி இளைஞர் ஊரைவிட்டுப் புறப்படுகின்றனர். பெற்றோர் காணியை ஈடு வைக்கின்றனர். எஞ்சியிருப்போர் தம் வாழ்வையே இழிவாக எண்ணத் தலைப்படுகின்றனர். இத்துணை விளைவுகளை உடைய சொல் அறத்தின் எல்லைக்குப் புறம்பானதாக இருத்தல் இயலாது.

இவ்வினாவை ஆராய்வதற்குத் தெல்லிப்பழையும் சிங்கப்பூரும் பொருத்தமான இரு முனைகளாகும். 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிசனைச் சேர்ந்த டானியல் பூர் தெல்லிப்பழைக்கு வந்து பாடசாலை தொடங்கினார். இவ்வாறு குடாநாட்டில் வேரூன்றிய ஆங்கிலக் கல்வியே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைக்கூற்றிலிருந்து யாழ்ப்பாணத்து இளைஞரை மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுசென்றது. புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் அவர்கள் லிகிதர்களாகவும் அலுவலர்களாகவும் பணிபுரிந்தனர். அவர்கள் அனுப்பிய மணியோடர்ப் பணத்தில் ஊரிற் கல்வீடுகள் எழுந்தன, கோயில்கள் திருத்தப்பட்டன. முதுமையில் இளைப்பாற்றுச் சம்பளத்துடன் மீண்டவர்கள் ‘மலாயாப் பென்சனியர்’ எனப் பெயர் பெற்றனர். அவர்கள் அந்நாட்டைப் பற்றிப் பேசியபோது முப்பதாண்டு உழைப்பு அப்பேச்சின் பின்னால் நின்றது. இன்று ஒரு திருமணத்திற்காகவோ உறவினரைக் காண்பதற்காகவோ ஒரு கிழமை விடுப்பிற் செல்பவரின் நிலை வேறு. பென்சனியர் கொணர்ந்தது பட்டறிவு. இவர் கொணர்வது காட்சி. இரண்டிற்கும் ஊரார் ஒரே மதிப்பை அளிப்பதே இடர்ப்பாட்டின் தோற்றுவாயாகும்.

அவ்வாறு செல்பவர் எதனைக் காண்கின்றார்? சாங்கி விமானநிலையத்தில் இறங்கியது முதல் ஒழுங்கு அவரை எதிர்கொள்கின்றது. நிலத்தின் கீழோடும் புகைவண்டி குறித்த கணத்தில் வந்து நிற்கின்றது. சிராங்கூன் வீதியிற் பூமாலையும் கறிவேப்பிலையும் மணக்கின்றன. சவுத் பிரிட்ஜ் வீதியில் 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் வானளாவிய வர்த்தகக் கட்டடங்களின் அருகே நிற்கின்றது. சிலோன் வீதியில், இலங்கைத் தமிழர் உருவாக்கிய செண்பக விநாயகர் ஆலயம் அவருக்குத் தம் ஊர்க் கோயிலையே நினைவூட்டுகின்றது. இவையெல்லாவற்றினும் மேலாக, மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அரச மொழியாக அறிவிப்புப் பலகைகளில் நிற்பதை அவர் காண்கின்றார். மொழியின் பெயரால் நெடுங்காலம் அல்லலுற்ற ஓர் இனத்தவருக்கு அக்காட்சி உள்ளத்தை உருக்குவது இயல்பே.

ஊர் திரும்பியதும் அவர் உரைக்கும் தீர்ப்பு இருவகைப்படும். அங்கேதான் மனிதர் வாழ்கின்றனர், இங்கே வெறுமனே காலங்கழிக்கின்றனர் என்பது ஒன்று. அங்கே எல்லாம் இயந்திரம், உறவும் ஈரமும் இங்கேதான் உண்டு என்பது மற்றொன்று. முன்னது நகரை வானுலகாக்குகின்றது. பின்னது அதனை வெறும் பொறியாக்குகின்றது. எதிரெதிராகத் தோன்றினும் இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்களாகும்.

அப்பிழையின் இயல்பைச் சைவசித்தாந்த அளவையியல் தெளிவுற விளக்க வல்லது. அருணந்தி சிவாசாரியர் இயற்றிய சிவஞானசித்தியார், அறிவு பெறும் வழிகளுள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் முதன்மையாகக் கொள்ளும். காட்சியிலும் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என வழுவுடையவை உள என்பதையும் அந்நூல் எடுத்துரைக்கும். குறுகிய காலப் பயணி தாம் கண்டதையே சொல்வதாக நம்புகின்றார். உண்மையில் அவர் கண்டது சிறிது, கருதியது பெரிது. அவர் கண்டது தூய வீதி. கருதியது ஒழுக்கமுள்ள மாந்தர். கண்டது உயர்ந்த மாடம். கருதியது உள்ளிருப்போரின் இன்பம். மலையிற் புகையைக் கண்டு அங்கு நெருப்புண்டென ஒருவன் கருதுவதற்கு, அடுக்களையில் நெருப்பும் புகையும் ஒருங்கிருத்தலை அவன் முன்னரே கண்டிருத்தல் வேண்டும் என்பது அளவை நூலார் காட்டும் எடுத்துக்காட்டு. மூன்று நாள் விருந்தினரோ அந்நகரின் அடுக்களையுள் ஒருபோதும் நுழைந்தவரல்லர். ஆகவே அவருடைய கருதலுக்கு அடிப்படையில்லை. ஆயினும் அது காட்சி என்னும் போர்வையில் ஊருக்குள் நுழைந்துவிடுகின்றது.

தமிழ் இலக்கியத்தில் இவ்வுண்மைக்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த சான்று அரிது. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் விட்டுவிட்டுக் கோவலன் தனியே மதுரையைக் காணச் செல்கின்றான். ஊர்காண் காதையின் பெரும்பகுதி அவன் கண்ட வீதிகளின் வருணனையே. மணிகள் விற்கும் கடைகளையும் பொன் வணிகரின் வீதியையும் கூலக்கடைகளையும் கண்டு மகிழ்ந்து மீள்கின்றான். மதுரையின் தீதின்மையையும் பாண்டியனின் ஆட்சிச் சிறப்பையும் கவுந்தியிடம் எடுத்துரைக்கின்றான். அவன் பொய் சொல்லவில்லை, கண்டதையே சொன்னான். ஆனால் அடுத்த முறை அதே நகரினுட் புகுந்தபோது, அதே மன்னனின் ஆராயாத ஆணையால் வெட்டுண்டு வீழ்ந்தான். பொன் வீதியைக் கண்டு வியந்த கண்கள் பொற்கொல்லன் ஒருவனின் உள்ளத்தைக் காணவில்லை. ஒரு நகரின் நீதி அதன் கடைவீதியிற் புலப்படுவதன்று. வலியற்ற ஓர் அயலான் மீது பழி சுமத்தப்படும் வேளையிலேயே அது புலப்படும்.

இக்காலத்திலும் இதற்கு ஒப்பானதொரு நிகழ்ச்சி, திசை மாறி அமைந்து காணப்படுகின்றது. 1956 ஏப்பிரலில் சிங்கப்பூரின் இளந்தலைவராயிருந்த லீ குவான் யூ இலண்டன் செல்லும் வழியிற் கொழும்பில் முதன்முறையாகத் தங்கினார். போரின் சேதத்துக்கு உட்படாத பொதுக் கட்டடங்கள் அவரைக் கவர்ந்தன. அன்றைய சிங்கப்பூரிலும் இலங்கை வளமும் வசதியும் மிக்கதாக அவருக்குப் பட்டது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த தம் நினைவுநூலில் அவர் இதனைப் பதிந்துள்ளார். அக்கட்டடங்கள் பொய்யல்ல. ஆயினும் அவர் அங்கு தங்கிய சில கிழமைகளுள், யூன் 5ஆம் நாள், தனிச்சிங்களச் சட்டமூலத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் அறப்போர் நிகழ்த்திய தமிழர் தாக்கப்பட்டனர். கல்லாலான சுவர்கள் உறுதியைக் காட்டி நின்றன. நாட்டின் அத்திவாரமோ அப்போதே பிளவுறத் தொடங்கியிருந்தது. லீ தம் நூலில் அவ்வரசியலின் போக்கையும் எழுதினார் என்பது உண்மையே. ஆனால் அந்நூல் நாற்பத்து நான்கு ஆண்டுகளின் பின் எழுதப்பட்டது. காலம் அவருக்கு அளித்த அறிவைக் காட்சி அளித்த அறிவாகக் கொள்ளுதல் தகாது.

இனி, சிங்கப்பூரில் விருந்தினரின் கண்ணுக்குப் புலப்படாதது யாது என்பதை நோக்குதல் வேண்டும். அந்நகரின் மாடங்களையும் பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் எழுப்புவோருட் பெரும்பாலார் அந்நாட்டவரல்லர். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் சீனத்திலிருந்தும் ஒப்பந்தத்தில் வந்த தொழிலாளர். ஞாயிறுதோறும் சிராங்கூன் வீதியை நிறைப்போர் இவர்களே. அவ்வீதியின் ஆரவாரத்தை விருந்தினர் தமிழ் மணம் எனக் கண்டு மகிழலாம். அது ஆறு நாள் உழைப்பின் பின் கிடைத்த ஒரு நாளின் ஆரவாரம் என்பதை அவர் அறியார். 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, அவ்விடத்தே தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் மோதுண்டு இறந்ததைத் தொடர்ந்து, நாற்பதாண்டுகளுக்கு மேலாக அந்நகர் காணாத கலவரம் மூண்டது. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது, மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் நெருக்கமான விடுதிகளில் வாழ்ந்தமை உலகுக்குத் தெரியவந்தது. அவ்வாண்டின் முடிவுக்குள் அவர்களுள் ஏறத்தாழ 47 வீதத்தினர் தொற்றுக்கு உள்ளாகியிருந்தனர் என அரசே அறிவித்தது.

இவ்விவரங்களைக் கொண்டு நகரை இகழ்ந்து ஒதுக்குவதும் முறையாகாது. அதே விடுதித் தொழிலாளருக்கு மருத்துவம் அளிக்கப்பட்டது. அவர்களிடையே மரணங்கள் மிகச் சிலவே. 1960இல் நிறுவப்பட்ட வீடமைப்புச் சபை கட்டிய வீடுகளில் அந்நாட்டு வதிவோருள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் வாழ்கின்றனர். வட்டுக்கோட்டையிற் பிறந்த எஸ். இராஜரத்தினம் அந்நாட்டின் முதல் வெளிநாட்டமைச்சராகி, 1966இல் அதன் தேசிய உறுதிமொழியை வரைந்தார். சிறுபான்மையினர் ஒருவரின் சொற்களை ஒரு நாட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் உரைத்தல் எளிய செய்தியன்று. புகழ்ச்சிக்குரியதும் பழிக்குரியதும் ஒரே நகரில், ஒரே வீதியில் உடனுறைகின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துவந்து ஊரில் விற்பவர் நேர்மையான வணிகராகார்.

அங்ஙனமாயின் குறுகிய காலப் பயணத்தாற் பயனேதுமில்லையோ என ஒருவர் மறுக்கலாம். இம்மறுப்பு வலிமை வாய்ந்தது. பிளேற்றோ தம் ‘சட்டங்கள்’ என்னும் நூலின் இறுதிப் பகுதியில், பிற நாடுகளை அறியாத நகரம் முழுநிறைவு எய்தாது என்பார். அதேவேளை பிறநாட்டை ஆராய்ந்து வரச் செல்வோர் ஐம்பது வயதைக் கடந்தவராயிருத்தல் வேண்டும் எனவும், மீண்டதும் தாம் கண்டவற்றை ஓர் அவையின் முன் வைத்தல் வேண்டும் எனவும் அவர் விதிக்கின்றார். வயதெல்லை இன்று ஏற்கத்தக்கதன்று. ஆனால் பயணியின் சொல் அவையின் ஆராய்ச்சிக்கு உரியது, அதுவே தீர்ப்பன்று என்னும் கருத்து ஏற்றற்குரியது. மேலும் புதியவரின் கண்ணுக்கென ஒரு சிறப்புண்டு. நாள்தோறும் காண்பவருக்கு மரத்துப்போனது அவருக்குப் புலனாகும். நான்கு மொழிப் பலகையை அந்நகரத்தவர் நோக்குவதேயில்லை. தெல்லிப்பழையிலிருந்து சென்றவர் அதன் முன் நின்றுவிடுகின்றார். ஓர் அரசு தன் சிறுபான்மையின் மொழியை ஏற்பதால் நாடு சிதைந்துவிடாது என்பதற்கு அப்பலகை போதிய சான்று. அவ்வளவை அவர் துணிந்து கூறலாம். அப்பலகையின் கீழ் நடந்துசெல்வோர் யாவரும் மனநிறைவுடன் வாழ்கின்றனர் என்று கூறுதல் இயலாது. எந்தக் காட்சி எந்தக் கூற்றைத் தாங்கும் என அளந்தறிதலே இங்கு வேண்டப்படும் அறமாகும்.

இவ்வறத்தைப் பிறரினும் தெல்லிப்பழையார் நன்கு உணரக் காரணமுண்டு. அவர்களே பிறருடைய மூன்று நாட் காட்சிக்குப் பொருளானவர்கள். 1990இல் மீண்டும் மூண்ட போரால் தெல்லிப்பழையை நிருவாக மையமாகக் கொண்ட வலிகாமம் வடக்கின் மக்கள் பல்லாயிரவர் இடம்பெயர்ந்தனர். அவர்களின் செம்மண் தோட்டங்களும் வீடுகளும் உயர்பாதுகாப்பு வலயத்தினுள் அடங்கின. 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி திறக்கப்பட்டதும் தெற்கிலிருந்து சுற்றுலாப் பயணிகள் திரண்டு வந்தனர். நயினாதீவு, நல்லூர், யாழ்ப்பாணக் கோட்டை, கீரிமலை ஆகியவற்றைக் கண்டனர். 2015இல் காங்கேசன்துறை வரை புகையிரதமும் ஓடத் தொடங்கியது. புதிய வீதியையும் விழாக்கூட்டத்தையும் கண்டு, யாழ்ப்பாணத்தில் இனிக் குறையேதுமில்லை என்று திரும்பியோர் உண்டு. அவர்கள் கீரிமலைக் கேணியில் நீராடிய காலத்தில், அயலிலுள்ள காணிகள் முட்கம்பியின் பின்னால் இருந்தன. அவற்றின் உரிமையாளர் மல்லாகம் கோணப்புலம் முதலிய முகாம்களில் வாழ்ந்தனர். மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டதே 2017இல்தான்; இன்னும் விடுபடாத நிலமும் உண்டு. வந்தவர்கள் கண்டது பொய்யன்று. ஆனால் அவர்களின் தீர்ப்பு, வீட்டு வாயிலை இழந்தவரின் குரலை மறைத்தது.

இவ்வாறு பிறரின் விரைந்த தீர்ப்பால் மறைக்கப்பட்ட வேதனையை அறிந்த ஒருவர், சிராங்கூன் வீதியில் நிற்கும்போது அதே அநீதியைப் பிறர்க்கு இழைத்தல் தகுமா? தமக்குச் செய்யப்பட்டபோது நொந்ததைப் பிறர்க்குச் செய்யாதிருத்தலே அறத்தின் முதற்படி என்பது எல்லாச் சமயத்தார்க்கும் ஒப்ப முடிந்தது. கட்டடத்தைக் கண்டவர் அதனைக் கட்டியவர் எங்கே உறங்குகின்றார் என வினவுதல் வேண்டும். ஒழுங்கைக் கண்டவர் அதன் விலையை எவர் செலுத்துகின்றார் என வினவுதல் வேண்டும். விடை கிடையாதவிடத்து, கிடைக்கவில்லை என ஊராரிடம் சொல்லுதல் வேண்டும். அதுபோன்றே தம் ஊரைத் தாழ்த்துமுன், அவ்வூர் எவ்வளவு காலம் தன் நிலத்தை இழந்திருந்தது என்பதையும் நினைத்தல் வேண்டும். மூன்று தசாப்தம் முட்கம்பியுள் இருந்த மண்ணை, 1965 முதல் தடையின்றி வளர்ந்த நகருடன் ஒரே நிறைகோலில் இட்டு நிறுப்பது நீதியன்று.

எனவே குறுகிய காலப் பயணி பேசாதிருத்தல் வேண்டும் என்பது முடிபன்று. அவர் பேசட்டும், கண்டதைக் கண்டதாகவும், கருதியதைக் கருதியதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் வேறுபடுத்திப் பேசட்டும். அவ்வாறு பேசப்படும் சொல்லைக் கேட்டு ஓர் இளைஞன் சிங்கப்பூருக்குப் புறப்படினும் விழிப்புடன் புறப்படுவான். ஊரில் தங்கினும் தாழ்வுணர்ச்சியின்றித் தங்குவான்.