நம்மைக் கேட்டா சண்டை போடுகிறார்கள்?

"நம்மளக் கேட்டா சண்டை போடறாங்க? நாம சொல்லி என்னங்க ஆகப்போகுது?"

டிவியில் ஏவுகணை பறக்கும் நாட்களில், பாலக்காட்டு எல்லையில் உள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறை டீக்கடைகளில் இந்த இரண்டு கேள்விகளும் ஒரே மூச்சில் வந்து விழும். முதல் கேள்வி நியாயமானது. நம்மைக் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. போர் தொடுக்க நாடாளுமன்றத்தின் முன்அனுமதி வேண்டும் என்று நம் அரசியல் சாசனத்தில்கூட ஒரு வரி கிடையாது. அமைச்சரவை முடிவெடுத்தால் போதும். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாளே இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் போய்ச் சேரத் தொடங்கியது. அக்டோபரில் அந்த அமைதிப்படையே போரில் இறங்கிவிட்டது. 1990 மார்ச்சில் கடைசி அணி திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் சிப்பாய்கள் உயிரோடு இல்லை. யாழ்ப்பாணத்து மக்கள் பட்டது தனிக் கணக்கு. யாரைக் கேட்டார்கள்? செத்த சிப்பாயின் அம்மாவையா?

ஆனால் அந்த இரண்டாவது கேள்வி இருக்கிறதே, அது கேள்வியே அல்ல. கேள்விக்குறி போட்ட சரணாகதி. அதன்மேல்தான் எனக்குக் கோபம்.

2025 ஜூன் 23 இரவை நினைத்துப் பாருங்கள். இங்கே மணி பத்தைத் தாண்டியிருந்தது. இஸ்ரேல்-ஈரான் சண்டையில் தலையிட்டு, அதற்கு முந்தின நாள் அமெரிக்கா ஈரானின் அணுசக்தி நிலையங்கள்மேல் குண்டு போட்டிருந்தது. அதற்குப் பதிலடியாகக் கத்தாரில் உள்ள அல் உதெய்த் அமெரிக்கப் படைத்தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணைகளை வீசியது. எங்கள் தெருவில் ஒரு அக்காவின் மகன் தோஹாவில் ஏசி மெக்கானிக். "ரிங் போகுது, எடுக்க மாட்டேங்கறான்" என்று போனைக் காதிலிருந்து எடுக்காமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். அரை மணி நேரம் கழித்து வாட்ஸாப்பில் ஒரு வாய்ஸ் வந்தது: "ஒண்ணுமில்லம்மா, மேல வெளிச்சமாத் தெரிஞ்சுது. தூங்கு."

மறுநாள் காலை தண்ணீர் பிடிக்கும்போது அந்த அக்கா பேசிய பேச்சை ஐ.நா. சபையில் மொழிபெயர்த்துப் போட்டிருக்க வேண்டும். அமெரிக்கா, இஸ்ரேல், ஈரான் மூன்றையும் நிறுத்தி வைத்துக் கேட்டார்: "உங்க சண்டைக்கு எம்பையன் என்னடா பண்ணுனான்?" எத்தனை தெளிவான அரசியல் கேள்வி! அன்று சாயங்காலமே சண்டை நிறுத்தச் செய்தி ஓடியது. அக்கா சீரியலுக்குப் போய்விட்டார். கோபம் ஆவியாகிவிட்டது. அடுத்த சண்டை வரும்போது மறுபடியும் முதலிலிருந்து பயப்படுவார். நாம் எல்லோருமே அப்படித்தானே இருக்கிறோம்? கோபத்தை ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்துவிட்டுக் காலையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம்.

கொடுக்காதீர்கள். அது உங்கள் சொத்து.

"அத்தனை பேர் கத்தி என்ன ஆச்சு, ஈராக் தப்பிச்சுதா?" என்று படித்தவர்கள் மடக்குவார்கள். மடக்கட்டும். 2003 பிப்ரவரி 15 அன்று அறுநூறுக்கும் மேற்பட்ட நகரங்களில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். ரோமிலும் லண்டனிலும் சாலை தெரியாத கூட்டம். முப்பத்துமூன்றே நாளில், மார்ச் 20 அன்று, அமெரிக்காவும் பிரிட்டனும் ஈராக்குக்குள் புகுந்துவிட்டன. எந்தப் பேரழிவு ஆயுதத்தைக் காரணம் சொன்னார்களோ அது கடைசிவரை அகப்படவில்லை. லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண ஜனங்கள் செத்தார்கள். இதை மழுப்ப நான் தயாரில்லை. கத்தியவர்களால் ஈராக்கைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆனால் கதையைப் பாதியில் நிறுத்துவது யாருக்கு வசதி? மீதியையும் கேளுங்கள்.

அதே 2003 மார்ச் 1. துருக்கி வழியாக ஈராக்கின் வடக்கில் படை இறக்க அமெரிக்கா அனுமதி கேட்டிருந்தது. அரசாங்கம் தலையாட்டிவிட்டது, நாடாளுமன்றம் கைதூக்க வேண்டியதுதான் பாக்கி. வெளியே அங்காராவில் ஜனங்கள் திரண்டு நின்றார்கள். உள்ளே ஆதரவாக 264, எதிராக 250, நடுநிலையாக 19. வந்திருந்தவர்களில் பாதிக்கு மேல் தேறாததால் தீர்மானம் விழுந்தது. உலக வல்லரசின் படை ஒரு வாசலில் தடுக்கி நின்றது.

இன்னொரு வாசல் நம்முடையது. ஈராக்கைப் பிடித்தபின் காவல் காக்க ஆள் வேண்டும், ஒரு டிவிஷன் அளவுக்குச் சிப்பாய்களை அனுப்புங்கள் என்று அமெரிக்கா இந்தியாவைக் கேட்டது. அனுப்பினால் வல்லரசின் பக்கத்தில் நாற்காலி கிடைக்கும் என்று டெல்லியில் நாக்கில் எச்சில் ஊறியவர்கள் குறைவில்லை. ஆனால் அதற்கு முன்பே, ஏப்ரலில், நாடாளுமன்றம் அந்தப் போரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டிருந்தது. ஜூலை 14 அன்று, ஐ.நா.வின் வெளிப்படையான ஆணை இல்லாமல் படை அனுப்ப முடியாது என்று அரசு கைவிரித்தது. அந்தச் சமயத்தில் தம்மைப் பார்க்க வந்த இடதுசாரித் தலைவர்களிடம் பிரதமர் வாஜ்பாய், போதுமான அளவு நீங்கள் சத்தம் போடுவதாகத் தெரியவில்லையே என்கிற தொனியில் கேட்டதாக ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. கதையின் வார்த்தைகள் முன்னே பின்னே இருக்கலாம். அதற்குள் இருக்கும் அரசியலை எவரும் மறுக்க மாட்டார்கள். நாற்காலியில் இருப்பவர் 'முடியாது' என்று சொல்ல நினைத்தாலும் அவருக்கு ஒரு சாக்கு வேண்டும். "என்ன செய்வது, என் ஜனங்கள் விடமாட்டேன் என்கிறார்களே" என்று வெளியே காட்டுவதற்கு ஒரு கூச்சல் வேண்டும். அந்தக் கூச்சலைக் கொடுக்கிற வேலை உங்களுடையது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நம் கிழவிகள் சொன்னது சும்மாவா?

அன்று போகாமல் தப்பிய அந்த டிவிஷனில் பாலக்காட்டுப் பையன் இருந்திருப்பான், பொள்ளாச்சிப் பையன் இருந்திருப்பான். யாருடைய சத்தத்தால் தப்பினோம் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

இன்னும் கேளுங்கள். 2013 ஆகஸ்ட் 29. சிரியாமேல் குண்டு போட பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்திடம் வந்தது. 285-க்கு 272 என்று தோற்றது. பதின்மூன்று ஓட்டு! ஈராக்கில் ஏமாந்த ஜனங்களின் கோபம் பத்து வருஷம் கழித்து உறுப்பினர்களின் முதுகில் உட்கார்ந்திருந்தது. 2003-ல் லண்டன் குளிரில் நின்று கத்திவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று தலை தொங்க வீடு திரும்பியவருக்கு அன்றைக்குத் தெரியுமா, தான் 2013-ன் ஓட்டைப் போட்டுவிட்டு வருகிறோம் என்று?

சரி, அங்கே கூட்டம் இருந்தது, எனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறீர்களா? எல்லையில் வாழும் நமக்கு இந்தச் சந்தேகம் கூடுதலாகவே வரும். திருவனந்தபுரத்துக்கு நாம் தமிழர்கள், சென்னைக்கு நாம் கேரளாக்காரர்கள். மலையாளத்தில் ஊர்வலம் போனால் ஓரத்தில் நிற்கிறோம், தமிழ்நாட்டில் கூட்டம் நடந்தால் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து போனில் பார்க்கிறோம். இரண்டு கணக்கிலும் விட்டுப்போன தலைகள் என்று நம்மை நாமே நினைத்துக்கொண்டு சுருங்கிவிட்டோம். சுருக்கியது டெல்லி அல்ல.

ஒற்றை ஆளுக்கென்றே ஒரு போராட்டம் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் இரண்டாம் உலகப்போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். நாற்பது கோடி ஜனங்களில் ஒருவரைக் கேட்கவில்லை. ராஜாஜி உட்பட காங்கிரஸ் முதல்வர்கள் பதவியைத் தூக்கி எறிந்தார்கள். அடுத்த வருஷம் காந்தி செய்ததுதான் விசேஷம். கூட்டம் சேர்க்க வேண்டாம் என்றார். ஒரே ஒரு ஆள். அவர் இன்ன நாளில் இன்ன இடத்தில் பேசப்போகிறேன் என்று மாஜிஸ்திரேட்டுக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும். பிறகு ஜனங்கள் நடுவே நின்று, இந்தப் போருக்கு ஆளோ பணமோ கொடுப்பது தப்பு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். 1940 அக்டோபர் 17 அன்று பவ்னார் கிராமத்தில் வினோபா முதல் ஆளாக எழுந்தார். நான்கே நாளில் பிடித்து உள்ளே போட்டார்கள். மலபாரில் கேளப்பன் எழுந்தார். தமிழ்நாட்டில் யார் யார் சத்தியாக்கிரகம் செய்வது என்ற பட்டியலோடு காந்தியைப் பார்க்க வார்தாவுக்குக் கிளம்பிய காமராஜரைக் குண்டூரிலேயே மடக்கி, வேலூர்ச் சிறைக்கு அனுப்பினார்கள். சிறையில் இருந்தபடியே விருதுநகர் நகராட்சித் தலைவராக ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது, பாருங்கள்! வருஷம் திரும்புவதற்குள் இருபதாயிரம் பேருக்கு மேல் இப்படி ஒவ்வொருவராகச் சிறை போனார்கள்.

போர் நின்றதா? நிற்கவில்லை. ஆனால் 'இந்தியா மனமொப்பி எங்களோடு நிற்கிறது' என்று உலகத்தின் முன்னால் பேச லண்டனுக்கு வாய் இல்லாமல் போயிற்று. அரசாங்கம் உங்களிடமிருந்து வரியைப் பிடுங்கலாம். சம்மதத்தைப் பிடுங்க முடியாது, நீங்களாக எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. வாய்மூடி இருப்பதையே அது சம்மதம் என்று எழுதிக்கொள்கிறது. அதனால்தான் வாயைத் திறக்கச் சொல்கிறேன்.

பெரிய பெரிய பெயர்கள், நமக்கு ஒத்துவராது என்கிறீர்களா? அப்படியென்றால் பெருமாட்டிப் பஞ்சாயத்துக்கு வாருங்கள், பஸ் டிக்கெட் தூரம்தான். 2002 ஏப்ரல் 22 அன்று பிளாச்சிமடையில் கொக்கோகோலா தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஆதிவாசிப் பெண்கள் ஒரு பந்தலைப் போட்டு உட்கார்ந்தார்கள். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போயிருந்தது, சோறு வேகவில்லை. அவர்களில் முன்னின்ற மயிலம்மாவுக்குப் பின்னால் அன்றைக்கு எந்தப் பெரிய கட்சி இருந்தது? ஈராக்கை அமெரிக்கா பிடித்த அதே 2003-ல், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று பெருமாட்டிப் பஞ்சாயத்து எழுதிக் கொடுத்தது. 2004 மார்ச்சில் தொழிற்சாலை நின்றது. நஷ்டஈடு இன்னும் வந்து சேரவில்லை, அந்த வயிற்றெரிச்சல் தனி. ஆனால் மெஷின் நின்றது நின்றதுதான். நம் சித்தூர்த் தாலுக்காவில் நடந்த காரியம் இது. நம் பாஷை பேசும் பெண்கள் செய்தது. இதை வைத்துக்கொண்டு 'நாம சொல்லி என்ன ஆகும்' என்று கேட்க நமக்குக் கூச்சமாக இருக்க வேண்டாமா?

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றாமை முற்றினால் அது நம் பக்கமே திரும்பும். ஈழத்தில் குண்டு விழுந்துகொண்டிருந்த 2009 ஜனவரியில் சென்னையில் முத்துக்குமார் என்ற இளைஞர் தன் உயிரையே விட்டார். அவருடைய நெஞ்சு எரிந்ததை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு முத்துக்குமார் இன்றைக்கும் நம்மோடு இருந்து எழுதிக்கொண்டிருந்தால் எத்தனை பேருக்குத் தூக்கம் கெட்டிருக்கும்! உயிரைக் கொடுக்காதீர்கள். உயிரோடு இருந்து தொந்தரவு கொடுங்கள். சோர்வு தாங்கமுடியாமல் போனால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், தனியாகச் சுமக்காதீர்கள்.

'தேசத்துரோகி என்பார்களே' என்று ஒரு பயம். கடற்படைத் தளபதியாக 1990 முதல் 1993 வரை இருந்த அட்மிரல் ராமதாஸ், 1971 போரில் கப்பல் நடத்தி வீர சக்ரா வாங்கியவர். ஓய்வுபெற்ற பின் இந்தியா, பாகிஸ்தான் இரண்டும் சமாதானமாக வாழ வேண்டும் என்றே அலைந்தார். 2004-ல் அதற்காக மகசேசே விருதும் பெற்றார். குண்டுக்கு நடுவே நின்றவரே போர் வேண்டாம் என்று சொல்லும்போது, சோபாவில் சாய்ந்துகொண்டு "போட்டுத் தள்ளு" என்று கத்துகிறவனிடமா நீங்கள் தேசபக்திச் சான்றிதழ் வாங்கப்போகிறீர்கள்?

சரி, அடுத்த சண்டை வந்தால் என்ன செய்வது? ஐம்பது காசுக்கு அஞ்சலட்டை கிடைக்கிறது. கொழிஞ்சாம்பாறை இருப்பது ஆலத்தூர் மக்களவைத் தொகுதியில். உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள்: இந்தப் போருக்கு என் சம்மதம் இல்லை, என் சார்பில் அவையில் கேளுங்கள், கேட்டீர்களா என்று எனக்குப் பதில் எழுதுங்கள். கீழே முழுப்பெயர், வார்டு எண். மலையாளம் எழுத வராது என்று சாக்குச் சொல்லாதீர்கள். அரசியல் சாசனத்தின் 350-வது பிரிவு, மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அரசு அதிகாரிகளிடமே குறையை எழுதிக் கொடுக்க உங்களுக்கு உரிமை தருகிறது. தமிழில் எழுதுங்கள், நறுக்கென்று எழுதுங்கள். கல்ஃப்பில் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஆளுக்கொரு அட்டை எழுதினாலே நம் தபால்காரர் சைக்கிளை விட்டு ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும்.

அத்தோடு விடாதீர்கள். கேரளத்தில் வார்டுக்கு வார்டு கிராமசபை கூடுகிறது. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், ஆடு கோழி மானியம் என்று பேச்சு ஓடும். முடியும் தறுவாயில் எழுந்து நில்லுங்கள். எம்பையன் தோஹாவில் இருக்கிறான், இந்தச் சண்டையை நிறுத்தப் பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்று இந்தச் சபை அரசாங்கத்துக்கு எழுத வேண்டும், தீர்மானம் போடுங்கள் என்று கேளுங்கள். நாலு பேர் சிரிப்பார்கள். "இது நம்ம விஷயம் இல்லீங்களே" என்று மெம்பர் நெளிவார். யார் விஷயம் என்று திருப்பிக் கேளுங்கள். பின்வரிசையில் அந்தத் தண்ணீர்க்குழாய் அக்கா உட்கார்ந்திருப்பார், அவரையும் எழுப்பிவிடுங்கள். மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும்வரை இரண்டு பேரும் உட்காராதீர்கள்.