கப்பனும் கணக்காயனார் மகனும்

மனிதனுக்குப் பெயர் ஒன்று போதாதா? அதன் பின்னே குடும்பப் பெயர் என ஒன்று எதற்கு? பெங்களூர் வாழ் தமிழர் பலர் இவ்வினாவைச் சந்திப்பது கடவுச்சீட்டு விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான். தந்தை பெயரை ஓரெழுத்தாக்கி முன்னே வைத்துப் பழகிய நாம், குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் அதனை விரித்தெழுதுகிறோம்; பின்னர் அயல்நாட்டில் தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுகிறோம். நம் மரபில் ஏதோ குறையுளதோ என்னும் ஐயமும் சிலர்க்கு எழுகின்றது.

இந்நகரத்தார் நாள்தோறும் நாவில் வழங்கும் ஒரு பெயரை ஆராய்ந்தால் அவ்வையம் அகலும். கப்பன் பூங்காவின் பெயருக்குரியவர், 1834 முதல் 1861 வரை மைசூர் நாட்டின் ஆணையராய் விளங்கிய மார்க் கப்பன். அவர் பிறந்தது, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே கடலிற் கிடக்கும் மேன் தீவில். அத்தீவின் பழைய மொழியில் 'மாக்' என்றால் மகன். 'கிப்பனின் மகன்' என்னும் பொருளுடைய பெயரே மருவிக் 'கப்பன்' ஆயிற்று என்பர். 'மாக்' தேய்ந்து அதன் இறுதி ஒலி மட்டும் ஒட்டி நின்றமையால், ககர ஒலியில் தொடங்கும் குடும்பப் பெயர்கள் அங்கே மிகுதி. நாம் தந்தையின் பெயரை ஓரெழுத்தாய்ச் சுருக்கினோம். அவர்கள் மகன் என்னும் சொல்லையே ஓரெழுத்தாய்ச் சுருக்கினர். வேறுபாடு இவ்வளவே!

இங்கிலாந்தின் குடும்பப் பெயர்களும் இத்தகையனவே. ஜான்சன் தந்தையால் வந்த பெயர். ஹில் இடத்தால் வந்தது. ஸ்மித் கொல்லுத் தொழிலால் வந்தது. பிரௌன் நிறத்தால் வந்தது. நம் சங்கப் புலவர் பெயர்களை நோக்குக. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என ஊரும் தொழிலும் தந்தையும் அங்கும் உள. அண்டை அயலார் ஒருவரை இனங்காண வைத்த அடையாளமே இரு நாட்டிலும் பெயராயிற்று.

ஆனால் இங்கிலாந்தில், 11ஆம் நூற்றாண்டில் நார்மானியர் வந்த பின்னர், அவ்வடையாளம் மெல்ல மெல்லப் பரம்பரைச் சொத்தாயிற்று. 14ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் பெரும்பாலான குடும்பங்களில் அது நிலைத்துவிட்டது. கொல்லன் மகன் கொல்லுலையை விட்டு நீங்கினான். பெயர் மட்டும் உடன் சென்றது. இன்று ஸ்மித் என்னும் நீதிபதியைக் கண்டு அவர் பாட்டனார் இரும்படித்தாரா என எவரும் வினவுவதில்லை. அங்கே பெயர் தொழிலை மறந்தது; இங்கோ பெயரின் பின் நின்ற பட்டம் பிறப்பை மறக்க விடவில்லை. யார் எங்கே அமர்வது, யார் கையால் உண்பது என்பவற்றையெல்லாம் அது தீர்மானித்தது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்குமாறு தீர்மானித்ததன் காரணம் இதுவே. தமிழர் பலர் பட்டத்தை நீக்கித் தலைப்பெழுத்தோடு நின்றது வறுமையன்று. தெரிந்து செய்த துறவு.

துறவு பெயரளவில் நின்றால் போதுமா என்பதே நம் முன் உள்ள அறக்கேள்வி. பட்டத்தை வெட்டிய நாமே, புதியவர் ஒருவரைக் கண்டதும் 'எந்த ஊர்? எந்தத் தெரு?' எனச் சுற்றி வளைத்து எதனை அறிய விழைகிறோம்? எழுத்தில் அழித்ததை நெஞ்சில் எழுதி வைத்திருப்போமாயின், ஸ்மித் பெற்ற விடுதலை நமக்கு வாய்க்காது. குற்றம் பெயரில் இல்லை. அதனைத் தராசாக்கும் மனத்தில் இருக்கின்றது.

பிறப்பால் வந்த பெயரினும் வாழ்வால் நிற்கும் பெயரே பெரிது என்பதற்கும் இந்நகரே சான்று. வேங்கடராமன் என்னும் தம் பெயரின் பிற்பாதியையே சர் சி. வி. இராமன் அறிவியல் உலகுக்கு வழங்கினார். 1948இல் அவர் இங்கு நிறுவிய ஆய்வு நிலையமும் அப்பெயரையே தாங்குகின்றது. கப்பனின் பூங்காவுக்கு 1927இல் சாமராசேந்திரர் பெயர் முறைப்படி சூட்டப்பெற்றும், மக்கள் நாவில் பழம்பெயரே நிலைத்தது. 'கிப்பனின் மகன்' என்னும் அப்பெயரை இங்கே காத்து வருவோர் அவர் குடியினர் அல்லர். மாலையில் அம்மர நிழலில் காற்று வாங்கும் பல மொழியினர். பெயரை யாருக்கு விட்டுச் செல்வது எனக் கவலுவதைக் காட்டிலும், பிறர் அதனை மனமுவந்து சொல்லுமாறு வாழ்வதே நம் கடன்.